திருதராஷ்டிரன் வீட்டு இண்டர்நெட்

நமது நாட்டில் ஒரு வேடிக்கை வெகு காலமாய் நடந்து வருகிறது. எங்கோ ஒரு தேசத்தில் ஒருவன் ஆராய்ச்சிசாலையில் வருஷக்கணக்காய்க் கண் விழித்து, கை சுட்டு, காசு இழந்து ஒரு சாமானைக் கண்டுபிடிக்கிறான். அது கப்பலேறி நமது கடைவீதிக்கு வந்து சேருகிறது. நாமும் விலை கொடுத்து வாங்கி உபயோகிக்கப் பழகிக் கொள்ளுகிறோம். அதற்குப் பிறகு ஒரு கூட்டம் மெதுவாய்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து, "இதென்ன பிரமாதம், எங்கள் சாஸ்திரத்தில் இது ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னமேயே இருக்கிறதே" என்று ஆரம்பித்து விடுகிறது. ஆகாயக் கப்பல் வந்த பிறகு புஷ்பக விமானம் ஞாபகத்துக்கு வந்தது. அணுகுண்டு விழுந்த பிறகு பிரம்மாஸ்திரம் ஞாபகத்துக்கு வந்தது. சாமான் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரையில் இந்த ஞாபகம் ஒருவருக்காவது வந்ததாக நமக்குத் தெரியவில்லை.

இந்த வரிசையில் இண்டர்நெட்டும் சேர்ந்து விட்டது. 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதம் அகர்தலாவில், ரேஷன் விநியோகத்தைக் கம்ப்யூட்டர் மூலம் நடத்துவது பற்றிய ஒரு கூட்டத்தில், அப்பொழுது திரிபுரா முதல் மந்திரியாயிருந்த திரு. பிப்லப் தேவ் அவர்கள், மகாபாரத காலத்திலேயே இண்டர்நெட்டும் சாட்டிலைட்டும் இருந்தன என்று பேசினார். இல்லாவிட்டால் குருக்ஷேத்திரத்தில் நடந்த சண்டையை, அரண்மனையில் உட்கார்ந்தபடியே சஞ்சயன் கண் தெரியாத திருதராஷ்டிரனுக்கு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்பது அவருடைய கேள்வி. நாடு முழுவதும் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அந்த ராஜ்யத்துக் கவர்னரே அதற்கு ஆதரவாக எழுதினார்.

நாம் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் கிராமங்களில் இன்றைக்கும் இந்தப் பேச்சைக் கேட்டு "அப்படியும் இருக்குமோ" என்று தலையாட்டுகிறவர்கள் ஏராளமாயிருக்கிறார்கள். ஆதலால் கேள்வியை மெய்யாகவே எடுத்துக்கொண்டு, இப்பொழுது நம் கைக்கு வந்திருக்கும் சாமான் என்ன, சஞ்சயனிடம் இருந்ததாகச் சொல்லப்படுவது என்ன என்று பார்ப்போம்.

டேப்லெட் என்று கடையில் விற்கிறார்களே, அது பார்வைக்கு நாம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுதிய சிலேட்டைப் போலத்தான் இருக்கும். எடை அரைக்கிலோ சுமார். விரலால் தொட்டால் எழுத்து வரும், படம் வரும், பேச்சு வரும். வால் போலக் கம்பி ஒன்றும் கிடையாது. வரப்பில் உட்கார்ந்துகொண்டு லண்டன் பத்திரிகையைப் பார்க்கலாம். நெல்லுக்கு வந்த நோய்க்கு மருந்து என்னவென்று தேடலாம். இப்படி ஒரு பலகை வேண்டும் என்று 1972-லேயே ஆலன் கே என்னும் அமெரிக்கர் எழுதி வைத்தார். யாருக்காக எழுதினார் என்றால், குழந்தைகளுக்காக. அரைகுறையாய்ப் பல பேர் செய்து பார்த்து, கடைசியில் 2010-ல் ஆப்பிள் கம்பெனியின் ஐபேட் வந்த பிறகுதான் அது ஜனங்கள் கையில் பரவிற்று.

கம்பியில்லாமல் எப்படிச் செய்தி வருகிறது? மந்திரத்தால் அல்ல. மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாகப் போகும் என்று 1860-களில் மாக்ஸ்வெல் என்பவர் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார். 1888-க்குள் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானியர் அந்த அலையை மேஜையின் மேல் உண்டாக்கிக் காட்டினார். 1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள் சுவருக்கு அப்பால் அதே அலையை அனுப்பி மணி அடித்தும், வெடிமருந்தைக் கொளுத்தியும் ஜனங்களுக்கு முன்னால் காண்பித்தார். (நம் நாட்டான் பெருமை வேண்டுமென்கிறவர்கள் போஸ் அவர்களைச் சொல்லிக் கொள்ளட்டுமே! மெய்யான பெருமை இருக்கும்போது பொய்ப் பெருமைக்கு ஏன் அலைகிறார்களோ தெரியவில்லை.) கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் அலை மூலமாய்ப் பேச்சு நடத்தியது 1971-ல், ஹவாய்த் தீவுகளில். தீவுக்குத் தீவு கடல் குறுக்கிட்டதால் அங்கிருந்த சர்வகலாசாலையார் ரேடியோவைப் பிடித்தார்கள். இரண்டு கருவிகள் ஒரே சமயத்தில் பேசிச் செய்தி மோதிக் கெட்டுவிட்டால், இரண்டும் வாயை மூடி, வேறு வேறு நேரம் பொறுத்திருந்து, மறுபடியும் பேச வேண்டும் என்று அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். நம்முடைய கமிட்டிக் கூட்டங்களில்கூட இந்த மரியாதை கிடையாது. வைபை என்கிறோமே, அதற்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி 1997-ல் ஏற்பட்டது. நமது வீட்டில் மின்னிக்கொண்டிருக்கும் அந்தச் சிறு பெட்டி வினாடிக்கு 240 கோடி தரம் ஆடுகிற அலையை வீசுகிறது. ஒரு அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண்கூட இல்லை.

இந்தக் கம்பியில்லாத அலை போவதெல்லாம் அந்தப் பெட்டி மட்டும், அல்லது பக்கத்துக் கோபுரம் மட்டும்தான். அதற்கு மேலே பூமிக்கடியில் கண்ணாடி இழை. கண்டம் விட்டுக் கண்டம் போவதற்குக் கடலுக்கடியில் இழை. சென்னைக் கடற்கரையிலேயே அந்தக் கடலடி இழைகள் கரையேறுகின்றன. ரோட்டோரத்தில் வெயிலில் பள்ளம் தோண்டி இழை புதைக்கிற ஆட்களை நாம் பார்த்திருக்கிறோம். திவ்விய திருஷ்டிக்கு மண்வெட்டி வேண்டியிருக்கவில்லை. இதற்கு வேண்டியிருக்கிறது.

இனி சஞ்சயனுக்கு வருவோம். கதையின்படி, சஞ்சயனுக்கு அந்தப் பார்வை வியாசரால் வரமாகக் கொடுக்கப்பட்டது. ஒரே ஒரு ஆளுக்கு. ஒரே ஒரு ராஜா கேட்பதற்கு. சண்டையில் செத்தவர்களின் பெண்டாட்டிமார் எத்தனையோ பேர் ஊரில் இருந்திருப்பார்களே, அவர்களில் ஒருத்தியாவது "என் புருஷன் இருக்கிறானா, போனானா என்று பார்த்துச் சொல்" என்று கேட்க வழியிருந்ததா? கதையையே ஒப்புக்கொண்டாலும் அது இண்டர்நெட் ஆகாது. அரண்மனை ஒற்றன் வேலைதான் ஆகும்.

அல்லாமலும், அதே மகாபாரதத்தில், அதே திருதராஷ்டிரன் அரண்மனையில், உத்தியோக பருவத்தில் இன்னொரு சமாசாரம் இருக்கிறது. இதைப் பாகவதர்கள் ராகம் போட்டுச் சொல்லமாட்டார்கள். தூக்கம் வராத ராஜா விதுரனைக் கூப்பிட்டு நியாயம் கேட்கிறான். விதுரன் விடிய விடியச் சொல்லுகிறான். மேலான ஞானத்தைப் பற்றி ராஜா கேட்டவுடன் விதுரன் நிறுத்திக்கொண்டு, நான் சூத்திர ஸ்திரீயின் வயிற்றில் பிறந்தவன், இதற்கு மேல் நான் சொல்லலாகாது என்று சொல்லி, ஒரு பிராமண ரிஷியை வரவழைக்கிறான். விதுரனுக்குத் தெரியாது என்பதல்ல. தெரியும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் திருதராஷ்டிரன் வீட்டு இண்டர்நெட்! அறிவாளி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட மனிதனுக்கே பிறப்பைக் காட்டிக் கதவைச் சாத்துகிற வலை.

கௌதம தர்ம சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. வேதத்தை வேண்டுமென்று கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொல்லுகிறது. இதை நாம் மேடையில் சொல்லும்போது, "அப்படி எங்கேயும் இல்லை, நீங்கள் இட்டுக்கட்டுகிறீர்கள்" என்று எழுந்து கத்துகிறவர்கள் உண்டு. முன்னெல்லாம் புஸ்தகத்துக்கு எங்கே போவது? இப்பொழுது அந்தச் சூத்திரத்தையே கைப்பலகையில் திறந்து, மொழிபெயர்ப்போடு எதிரிலேயே காட்டலாம். எவன் காதில் விழக்கூடாது என்று எழுதினார்களோ அவன் பேரனின் உள்ளங்கையில் அந்த எழுத்து வந்து நிற்கிறது. பழைய தமிழ் நூல்களை 1998 முதல் சம்பளமில்லாமல் எழுத்தெழுத்தாய் ஏற்றி வருகிறார்கள் மதுரைத் திட்டத்தார். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. இதற்கெல்லாம் குருதட்சணை இல்லை, பூணூல் இல்லை, கோத்திரம் கேட்பாரில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பெரியார் அவர்கள் 1940-களில் செய்த "இனி வரும் உலகம்" என்னும் பிரசங்கத்தில், கம்பியில்லாத் தந்திக் கருவி ஆளுக்கொன்றாய்ச் சட்டைப் பைக்குள் வந்துவிடும் என்றும், தூரத்திலிருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளுவார்கள் என்றும், ஒரு இடத்திலிருந்தே பல ஊர் ஜனங்களுக்குப் பாடம் சொல்லலாம் என்றும் கருத்துச் சொன்னார். சாமான் வந்த பிறகு சொன்னதல்ல, வருவதற்கு முன் சொன்னது. இதற்காக அவரைத் தீர்க்கதரிசி என்று நாம் கும்பிடத் தொடங்கினால் அவரே தடியை எடுத்துக்கொண்டு வந்திருப்பார். அவருக்கு எந்த வியாசரும் வரம் கொடுக்கவில்லை. தந்தி வந்திருக்கிறது, ரேடியோ வந்திருக்கிறது, இது இன்னும் எங்கே போகும் என்று யோசித்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

நிற்க, புராணப் புளுகு மட்டும்தான் விஷயமென்றால் இத்தனை பத்திகள் எழுதியிருக்க மாட்டோம். பொய்ப் பெருமை பேசுகிறவன் பேசிவிட்டுப் போகட்டும். துவாபர யுகத்திலிருந்தே இது நம்முடைய சொத்து என்கிறார்களே, அந்தச் சொத்தைப் பெண்ணுக்குக் கொடுக்கிறார்களா என்பதுதான் நம்முடைய கேள்வி.

2016-ல் குஜராத்தில் மேசாணா ஜில்லாவைச் சேர்ந்த சூரஜ் என்னும் கிராமத்தில், கல்யாணமாகாத பெண்கள் மொபைல் போன் வைத்திருக்கக் கூடாதென்று ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள். மீறினால் அபராதம், காட்டிக் கொடுத்தால் இனாம். 2019 ஜூலையில் அதே ராஜ்யத்தில் பனாஸ்காண்டா ஜில்லாவில் 12 கிராமங்களைச் சேர்ந்த ஒரு ஜாதியார் கூடி, கல்யாணமாகாத பெண்ணுக்குப் போன் கூடாதென்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. ஜாதி விட்டு ஜாதி கல்யாணம் செய்துகொண்டால் பெற்றோருக்கு லட்சத்துக்கு மேல் அபராதம் என்று அதே கூட்டத்தில், அதே மூச்சில் தீர்மானித்தார்கள். இரண்டு தீர்மானமும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் வந்தன என்பதை வாசகர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஜாதியைக் காப்பாற்றுவதென்றால் பெண்ணைப் பூட்டி வைக்க வேண்டும். பெண்ணைப் பூட்டுவதென்றால் அவள் கையிலிருக்கும் பலகையைப் பிடுங்க வேண்டும். நாம் 50 வருஷம் பிரசங்கம் செய்து விளக்குவதை அவர்கள் ஒரு தாள் காகிதத்தில் விளக்கிவிட்டார்கள்.

படித்தவர்கள் மாத்திரம் யோக்கியர்களா? கேரளத்தில் ஒரு காலேஜைச் சேர்ந்த பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுகிற விதி இருந்தது. அதாவது படிக்கிற நேரம் பூராவும். ஒரு மாணவி இதை ஒப்புக்கொள்ள மாட்டேனென்றாள். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அவள் ஹைக்கோர்ட்டுக்குப் போனாள். 2019 செப்டம்பரில், இண்டர்நெட்டைப் பார்ப்பது படிக்கிற உரிமையையும் அந்தரங்க உரிமையையும் சேர்ந்ததென்று கோர்ட்டார் தீர்ப்புச் சொல்லி, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார்கள். வயது வந்த ஒரு பெண் ராத்திரி எட்டு மணிக்குப் படிப்பதற்கு ஹைக்கோர்ட் உத்தரவு வேண்டியிருக்கிறது!

குஜராத்தையும் கேரளத்தையும் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். சென்ற மாதம் தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமத்துக்குக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். ராத்திரி தங்கினது நமது இயக்கத் தோழர் ஒருவர் வீட்டில். இருபது வருஷமாய்க் கருப்புச் சட்டை போடுகிறவர். கூடத்தில் பெரியார் படம். கல்யாணம் புரோகிதனில்லாமல் நடந்தது. அந்த வீட்டில் ஒரு டேப்லெட் இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் சாத்தினபோது, ஏழாம் வகுப்பிலிருந்த மகள் வீட்டிலிருந்து பாடம் கேட்பதற்காக அம்மாளின் தோட்டை அடகு வைத்து வாங்கினது. பள்ளிக்கூடம் திறந்தது, பலகை மெதுவாய்த் தம்பி கைக்குப் போய்விட்டது. அவன் அதில் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறான். மகள் இப்பொழுது பன்னிரண்டாவது படிக்கிறாள். கேட்டால் அரைமணி கொடுப்பார்கள், அப்பா பக்கத்தில் இருக்கும்போது.

ஒரு நாள் அந்த அரைமணியில் அந்தப் பெண், மாதவிடாய் என்பது என்ன, ரத்தம் எங்கிருந்து எதற்காக வருகிறது என்பதைப் படம் போட்டு விளக்கியிருந்ததைப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு அம்மாளிடம் போய், "கருத்தரிக்காத மாதத்தில் கருப்பையின் உள் தோல் கழன்று வருகிறது, இதிலே தீட்டு எங்கேம்மா இருக்கு? என்னை ஏன் மூணு நாள் தனித் தட்டு வைத்துத் திண்ணையில் உட்கார வைக்கிறே?" என்று கேட்டிருக்கிறாள். அம்மாள் அழுதார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தது. அன்றைக்கே பலகை பீரோவுக்குள் போயிற்று. சாவி தோழரின் அரைஞாணில் தொங்குகிறது. மகன் கேட்டால் அவிழ்க்கிறார்.

சாப்பிட்ட பிறகு நாம் அவரைக் கேட்டோம்.

"என்ன தோழரே, பெண்ணிடம் ஏன் கொடுக்கிறதில்லை?"

"பெண் பிள்ளைங்க, கெட்டுப்போயிடுமுங்க. அதிலே கண்ட கண்ட அசிங்கமெல்லாம் வருதுங்களே."

"பையனுக்கு வராதோ?"

"அவன் ஆம்பிளைப் பிள்ளை."

"ஆண் பிள்ளை கெட்டுப்போக மாட்டானா, அல்லது கெட்டுப்போனால் பரவாயில்லையா?"

தோழர் பதில் சொல்லவில்லை. பெண் ஏன் அடிமையானாள் என்று புஸ்தகம் போட்ட இயக்கம் நம்முடையது. 1929-ல் செங்கல்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு என்று தீர்மானம் போட்டவர்கள் நாம். நிலத்தில் பங்கு கொடுப்பதாகச் சொல்லுகிற நாம் ஒரு அரைக்கிலோ கண்ணாடியில் பங்கு கொடுக்க மாட்டோமென்றால், பனாஸ்காண்டா பஞ்சாயத்தாருக்கும் நமக்கும் சட்டையின் நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் என்ன இருக்கிறது? அவர்களாவது தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இது ஒரு வீட்டுச் சங்கதியல்ல. 2019-21-ல் சர்க்கார் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்குப்படி, இந்தியாவில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 33 பேர்தான் எப்பொழுதாவது இண்டர்நெட்டைத் தொட்டவர்கள். ஆண்களில் 57 பேர். நமது தமிழ்நாட்டிலும் பெண்களில் பாதிப் பேரில்லை. இந்த வித்தியாசத்தை வானத்து அலை உண்டாக்கவில்லை. அலை வீட்டிற்குள் எல்லோர் மேலும்தான் விழுகிறது. ஆண் பெண் பார்த்து விழுவதில்லை.

அசிங்கம் வருகிறது, மோசடி வருகிறது, பொய்ச் செய்தி வருகிறது என்பதெல்லாம் மெய். நாம் மறுக்கவில்லை. ஜோசியன் கிளியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாய் அலைந்த கஷ்டம் தீர்ந்து, இப்பொழுது பலகைக்குள்ளேயே உட்கார்ந்து பணம் பறிக்கிறான். கல்யாணம் பேசிக் கொடுக்கிற கம்பெனிகள் ஜாதிக்கொரு கதவு, உட்ஜாதிக்கொரு ஜன்னல் வைத்து வியாபாரம் செய்கின்றன. நட்சத்திரம் கேட்காமல் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. இதைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்று இருக்கிறது. "சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது" என்று வாய் மூடிக்கிடந்த ஜனங்கள் இப்பொழுது "நெட்டிலேயே போட்டிருக்கிறான்" என்று வாய் மூடிக்கொள்ளுகிறார்கள். நமது கூட்டத்துக்கு வருகிற வாலிபர்களே, நமக்குப் பிடித்த சங்கதியென்றால் யார் எழுதினான், என்ன ருஜு என்று கேட்காமல் ஒன்பது பேருக்குத் தள்ளி விடுகிறார்கள். இதில் நாமும் ஒரு தடவை ஏமாந்து, இல்லாத ஒரு சங்கதியை மேடையில் சொல்லி, பின்னால் வெட்கப்பட்டிருக்கிறோம். இதற்கெல்லாம் மருந்து, யார் சொன்னது, எப்பொழுது சொன்னது, வேறு யார் பார்த்தது என்று கேட்கப் பழகுவதுதான். பூட்டு மருந்தாகாது. பூட்டி வைத்த பெண் பதினெட்டு வயதில் காலேஜுக்குப் போய் முதல் தடவையாய்த் தனியாய்ப் பலகையைத் தொடும்போதுதான் மோசக்காரனுக்கு வேட்டை.

"எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கப் பணம் எங்கே?" என்று ஏழைத் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2011-ல் இந்திய சர்க்கார் ஆகாஷ் என்று பெயர் வைத்து மாணவர்களுக்கு மலிவு டேப்லெட் கொண்டுவந்தார்கள். முதலில் வந்த பலகைக்கு வைபை மட்டும்தான் உண்டு. வைபை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வைபை மட்டும் உள்ள பலகை! குடத்தைக் கொடுத்துவிட்டுக் கிணறு வெட்ட மறந்த கதை. விரலால் அழுத்தி அழுத்திப் பிள்ளைகளுக்கு அலுத்துப் போயிற்று. அந்தத் திட்டம் சில வருஷத்துக்குள் அடங்கிவிட்டது. ஆகையால் சர்க்காரையே பார்த்துக் கொண்டிருக்காமல், ஊருக்கு ஊர் நமக்குப் படிப்பகம் இருக்கிறதல்லவா, அங்கே இதைச் செய்யலாம். மாதம் ஒரு சிறு தொகைக்கு ஒரு வைபை பெட்டி. பங்கு போட்டு இரண்டு பலகை. சாயங்காலம் 5 மணி முதல் 8 மணி வரை பெண்களுக்கு மட்டும் என்று பலகை எழுதித் தொங்கவிட வேண்டும். அந்த நேரத்தில் ஆண் தோழர்கள் வாசலில் நின்று பத்திரிகை படிக்கலாம், அல்லது வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கலாம். எந்தப் பெண் என்ன பார்த்தாள் என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பொய்யையும் மெய்யையும் பிரித்துப் பார்ப்பது எப்படியென்று சொல்லிக் கொடுக்க வாரம் ஒரு நாள் ஒரு ஆசிரியை வந்தால் போதும்.

நமது தஞ்சைத் தோழர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர். வாரம் தவறாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர். அடுத்த மாதம் மறுபடியும் அவர் ஊரில் கூட்டம் வைத்திருக்கிறார்கள், தலைமை அவரே. நாம் போகிறோம். மேடை ஏறுவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய், சாவி யாரிடம் இருக்கிறதென்று அந்தப் பெண்ணையே கேட்கலாமென்றிருக்கிறோம்.